வாய்தா நாளில் தரங்கம்பாடி

கடலை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு வழக்கின் புண்ணியத்தில்தான்.

பிறந்தது வலங்கைமான் பக்கம். வாழ்க்கைப்பட்டது செம்பனார்கோயிலுக்கு அருகே ஒரு கிராமம். அங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் கடற்கரை வந்துவிடும் என்பார்கள். ஆனால் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் எனக்கு அந்தத் தூக்கம் வாய்க்கவில்லை. நாற்று, நடவு, களை, அறுப்பு, அறுத்த கையோடு உளுந்து. ஒன்று முடிந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ராத்திரி காற்று கிழக்கிலிருந்து வீசும்போது என் வீட்டுக்காரர், "இது கடக்காத்து" என்பார். நான் மூக்கை உறிஞ்சி உப்பு வாசம் வருகிறதா என்று பார்ப்பேன். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை வாசம்தான் வரும்.

வழக்கு இதுதான். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டார் குத்தகைக்கு உழுத நிலம் ஒன்று இருந்தது. ஒத்தப்பனை வயல் என்று பெயர். நிலத்துக்காரர் மாயவரத்தில் இருந்தார். அவர் காலமானதும் நிலம் அவருடைய மனைவிக்கு வந்தது. அந்த அம்மாவை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவருக்காக வரப்புக்கு வந்ததெல்லாம் அவருடைய தம்பி. சட்டைப்பையில் பேனாவும் கக்கத்தில் குடையுமாக வந்து நிற்பார்.

அது குத்தகைக்காரனை லேசில் வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்திருந்த காலம். ஒவ்வொரு தெரு முனையிலும் ஒரு கொடிக்கம்பம். அறுப்புக் காலம் வந்தால் ஊருக்குள் நெல் வருவதற்கு முன்னால் போலீஸ் வேன் வந்துவிடும். எங்கள் வயலுக்கும் வந்தது. தை அறுப்பின்போது அந்தத் தம்பி வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றி வந்து இறக்கினார். எங்கள் தெருவே வரப்பில் ஏறி நின்றது. கருக்கரிவாளோடு நானும் நின்றேன். கடைசியில் போலீஸ்காரர்கள் நடுவில் நிற்க, நாங்களே அறுத்து, களத்திலேயே பங்கைப் பிரித்து எடுத்தோம். அதற்குப் பிறகுதான் ரெவின்யூ கோர்ட்டில் மனு போட்டார்கள். நாங்கள் நேரடியாக உழவில்லையாம். வேறு யாருக்கோ உள்குத்தகைக்கு விட்டுவிட்டோமாம். அது நிரூபணமானால் நிலத்தைவிட்டு இறங்க வேண்டியதுதான்.

எங்கள் வக்கீல் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்: "இந்த வாய்தாவுக்கு சம்சாரத்தையும் அழைச்சிட்டு வாய்யா. அந்தம்மா கையைப் பாத்தாலே ஆபீசருக்குப் புரிஞ்சிடும்."

இந்த முறை கோர்ட்டு தரங்கம்பாடியில் முகாம் போடுகிறது, கோட்டைக்கு எதிரே இருக்கும் பழைய பங்களாவில் விசாரணை என்று தெரிந்ததும் எனக்கு நிலமெல்லாம் மறந்துவிட்டது. "அங்கேருந்து கடல் தெரியுமாங்க?" என்று கேட்டேன்.

"நாம என்ன டூருக்கா போறோம்?" என்றார் அவர்.

ஆனாலும் விடியற்காலையில் எழுந்து தயிர்சோறு பிசைந்து, தூக்குவாளியில் அமுக்கி, மேலே நார்த்தங்காய் ஊறுகாய் வைத்து மூடிக்கொண்டேன். கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

அப்போதுதான் அரசாங்கம் மாயவரத்துக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாற்றியிருந்தது. பஸ் போர்டில் புதுப்பெயர் பளபளவென்றிருந்தது. கண்டக்டர் மட்டும் "மாயவரம் போறவங்க ஏறாதீங்க. பொறையாறு, தரங்கம்பாடி மட்டும் ஏறு" என்று பழைய பெயரிலேயே கத்தினார். வழி நெடுகச் சுவர்களில் இலையும் சூரியனும் மாற்றி மாற்றி வந்தன. திருக்கடையூர் தாண்டியதும் தோரணங்கள் அதிகமாயின. யாரோ மந்திரி அந்தப் பக்கம் வருகிறாராம். பஸ்ஸில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

தரங்கம்பாடியில் வெள்ளையடித்த ஒரு பெரிய வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். அதற்குள் நுழைந்ததும் தெருவின் முகமே மாறிவிட்டது. அகலமான நேர்த்தெரு. இரண்டு பக்கமும் உருண்டைத் தூண்கள் வைத்த உயரமான வீடுகள், மாதாகோயில்கள். தெருவின் கடைசியில் ஒன்றுமே இல்லை. வீடில்லை, மரமில்லை, வெறும் வெளிச்சம். "அதான்" என்றார் அவர். நான் வேகமாக நடக்க ஆரம்பித்தேன். "ஏ புள்ள, கோர்ட்டு இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

பங்களா வராந்தாவில் எங்களைப் போல் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தார்கள். உள்ளே மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, ஆபீசர் இல்லை. வெள்ளை உடுப்பில் குறுக்கே சிவப்புப் பட்டை போட்ட டவாலி வெளியே வந்து அறிவித்தார்: "ஐயா மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க. மதியத்துக்கு மேலதான் வருவாங்க. யாரும் கலைஞ்சு போயிடாதீங்க. பேரு கூப்பிடுறப்ப ஆளு இல்லேன்னா கேசு தள்ளுபடி."

எங்கள் வக்கீல் டிபன் சாப்பிடப் போய்விட்டார். வராந்தாவின் மறுகோடியில் அந்தத் தம்பி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவரும் பதிலுக்குத் திருப்பிக்கொண்டார். இப்படித் திருப்பிக்கொண்டே மதியம்வரை இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"நான் வேணா பாத்துட்டு வரட்டுமாங்க?" என்று கேட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "போ. போய்ப் பாத்துட்டு வா. தண்ணில எறங்காதே."

கடலைப் பற்றி எல்லோரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தோன்றியதை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் என்றால் எனக்கு முறைத் தண்ணீர்தான். மதகில் வருமா வராதா, நம் மடைக்கு எத்தனை நாழிகை, மேலண்டைக்காரன் அடைத்துவிட்டானா என்ற கவலையோடு கூடியதுதான் தண்ணீர். இங்கே கேட்பாரில்லாமல் இவ்வளவு தண்ணீர் கிடந்து புரண்டுகொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகு அடக்க முடியாத சந்தோஷம்.

கோட்டை கடலைப் பார்த்தபடி பழுப்பு மஞ்சள் நிறத்தில் நின்றது. வாசற்படியில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. நெற்றியில் திருநீறு மட்டும். செருப்புகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாவா வந்தே?" என்று அவராகவே கேட்டார்.

"இல்லக்கா, அவரு ஒரு சோலியா உக்காந்திருக்காரு. நான் கடல் பாக்க வந்தேன்."

"நானும் அப்படித்தான். எங்கூட வந்தவன் அங்க நிக்கிறான். வெயில்ல நிக்காதே, போய் எங்கயாவது உக்காருன்னு என்னத் தொரத்திட்டான். உள்ள போய்ப் பாப்பமா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். சேர்ந்து போக ஆள் கிடைத்ததில் இரண்டு பேருக்குமே ஒரு துணிச்சல் வந்துவிட்டது. கோட்டைக் காவல்காரருக்கும் அன்று வேறு பார்வையாளர்கள் இல்லை போலிருக்கிறது. கூடவே வந்தார். கீழே வளைந்த கூரையுள்ள இருட்டு அறைகள். இது மிளகு வைத்த இடம், இது சிறை, இது சாராயக் கிடங்கு என்று வரிசையாகக் காட்டினார்.

"சிறையும் சாராயக் கிடங்கும் பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்காங்களே, நடக்கிற சிரமம் இருக்கக் கூடாதுன்னா?" என்றார் அக்கா. காவல்காரர் சிரிக்கவில்லை. நான் சிரித்த சத்தம் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

மாடியில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உடைந்த பீங்கான் தட்டுகள், பழைய கத்திகள், ஓலைகள். ஒரு தட்டில் பாதிதான் இருந்தது. "நான் ஒடச்சதையெல்லாம் எடுத்து வச்சிருந்தா இதவிடப் பெரிய மியூசியம் ஆயிருக்கும்" என்றார் அக்கா.

"இதெல்லாம் யாரு கட்டினது?" என்று நான் கேட்டேன்.

"டேனிஷ்காரங்க. டென்மார்க் தேசம்."

"அது எங்க இருக்கு?"

காவல்காரர் சன்னல் வழியாகக் கடலைக் காட்டினார். "அந்தால."

பிறகு அவர் கதையைச் சொன்னார். அவர்கள் கப்பலில் வந்து தஞ்சாவூர் ராஜாவைப் பார்த்தார்களாம். மிளகு வியாபாரம் பண்ண இடம் கேட்டார்களாம். ராஜா கொடுத்தாராம். அதற்கு அவர்கள் வருஷா வருஷம் ராஜாவுக்குக் கப்பம் கட்டினார்களாம்.

"அப்ப இவங்களும் குத்தகைக்காரங்கதான்" என்றேன்.

"அப்புறம் என்ன ஆச்சு? ராஜா காலி பண்ணச் சொன்னாரா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லம்மா. ரொம்ப நாள் கழிச்சு இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க."

"குத்தகைக்கு வந்தவன் நெலத்தையே வித்துட்டுப் போயிட்டானா!" அக்கா மார்பில் கை வைத்துக்கொண்டார். "கேட்டியா கதைய?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காவல்காரருக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

மதில்மேல் ஒரு நிழலான இடம் பார்த்து உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன். "நீங்களும் சாப்பிடுங்கக்கா" என்றேன். அவர் ஒரு கணம் தயங்கினார். நாங்கள் என்ன சாதி, எங்கள் கையால் வாங்கிச் சாப்பிடலாமா என்று யோசித்திருக்கலாம். அந்தக் காலத்தில் எல்லோரும் யோசிப்பதுதான். பிறகு கையை நீட்டினார். மூடியில் வைத்துக் கொடுத்தேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ சிரிச்ச சிரிப்பப் பாத்தா உங்க வீட்டுலயும் குத்தகைதான் போல" என்றார்.

கேட்க ஒரு ஆள் கிடைத்தால் விடுகிற வயதா அது? எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன், ஒத்தப்பனை வயல் என்றேன், தை அறுப்புக்கு லாரி வந்ததைச் சொன்னேன். அக்கா மெல்வதை நிறுத்தினார். நார்த்தங்காய் கடித்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீரை நீட்டினேன்.

"அந்த நெலத்துக்காரம்மாவ நீ பாத்திருக்கியா?"

"பாத்ததில்லக்கா. பாக்கவும் வேணாம். அவங்களுக்கு என்ன, மாயவரத்துல ஃபேனுக்கு அடியில உக்காந்துகிட்டு இங்க லாரிய அனுப்பிச்சு வேடிக்க பாக்குறாங்க. ஒரு நாளாவது வந்து அந்த வரப்புல நின்னுருந்தா இப்படி ஒரு பொய்ய எழுதிக் குடுக்க மனசு வருமா?"

"என்ன பொய்?"

"நாங்க உள்குத்தகைக்கு விட்டுட்டமாம். நாங்க உழலியாம்." நான் சோற்றுக் கையை மதில்மேல் வைத்துவிட்டு இடது கையை விரித்துக் காட்டினேன். "இந்தக் கையப் பாருங்கக்கா. இது உள்குத்தகைக்கு விட்டவ கையா?"

அவர் அந்தக் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பி, அரிவாள் காய்ப்பையும் சுண்டுவிரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பையும் தடவிப் பார்த்தார். கையை விடவேயில்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊறுகா இருக்கா?" என்று கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவக் கடலுக்கே போவோம் என்றார். தண்ணில எறங்காதே என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்ததைச் சொன்னேன். "எறங்க வேணாம். குனிஞ்சு கழுவிட்டு வந்துடுவோம்" என்றார்.

குனிந்தோம். முதல் அலை கணுக்கால்வரை வந்து நல்லபிள்ளையாகத் திரும்பியது. அதை நம்பி இன்னும் இரண்டடி போனோம். அடுத்தது இடுப்பளவு வந்து இரண்டு பேரையும் தூக்கி மணலில் உட்கார வைத்துவிட்டது. அக்காவின் செருப்பில் ஒன்று டென்மார்க் பக்கம் போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தபோது இன்னொரு அலை. நான் அவரைப் பிடித்துக்கொண்டேன், அவர் என்னைப் பிடித்துக்கொண்டார், மறுபடியும் விழுந்தோம். மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்.

"கடலுக்குப் புதுசா?" என்று கேட்டார். "அது வர்றப்ப முதுகக் காட்டக் கூடாதும்மா."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் அக்கா, வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே.

"நீங்க இவ்வளவு சந்தோஷமா விழுறப்ப நான் எதுக்குக் குறுக்க வரணும்?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

காய வைத்துக்கொள்ள ஊருக்குள் நடந்தோம். பச்சைப் புடவையில் பாதி மண். பெரிய தெருவில் ஒரு பாய் டீக்கடை இருந்தது. தொப்பி போட்ட பெரியவர் எங்களைப் பார்த்ததும் கடைக்கு வெளியே வெயிலில் இரண்டு முக்காலிகளைப் போட்டு, உள்ளே பார்த்து, "ரெண்டு டீ, இஞ்சி தட்டிப் போடு" என்றார். நாங்கள் கேட்கவேயில்லை. டீயைக் குடித்துக்கொண்டு, நீர் சொட்டச் சொட்ட, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா தன் மகளைப் பற்றிச் சொன்னார். டீச்சர் டிரெயினிங் முடித்திருக்கிறாள், நல்ல இடமாக வந்திருக்கிறது, கையில் இருப்பதை விற்றுத்தான் செய்ய வேண்டும், தம்பியை நம்பித்தான் எல்லாம் என்றார். நான், "எல்லாம் நல்லபடியா நடக்கும்க்கா, நீங்க நல்ல மாதிரி" என்று ஆறுதல் சொன்னேன். அவர் டம்ளரைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது ஜீப் ஒன்று பங்களாவை நோக்கிப் போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். "நான் அந்தப் பங்களாவுக்குப் போவணும்க்கா" என்றேன். "நானும்தான்" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு அங்கே எத்தனையோ வழக்குகள்.

வராந்தாவில் ஏறியதும் டவாலி எங்கள் வழக்கைத்தான் கூப்பிட்டார். மனுதாரர் பெயர் ஒருமுறை, இரண்டுமுறை. என் பக்கத்திலிருந்து, "இருக்கேங்க" என்று குரல் வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒற்றைச் செருப்போடு அக்கா உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

பூமி பிளந்து நம்மை விழுங்காதா என்பார்களே, அது அந்த வராந்தாவில் பிளக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். "என்ன புள்ள இது, தண்ணியில ஊறின கோழி மாதிரி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். எதிர்ப்பக்கத்தில் அந்தத் தம்பி அக்காவிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை நீர், இந்தப் பக்கம் ஒரு குட்டை நீர்.

"ரெண்டு பேரும் ஏன் இப்படி நனஞ்சிருக்கீங்க?"

"கடலப் பாத்தோம்ங்க" என்றார் அக்கா.

"சேர்ந்தா?"

"சேர்ந்துதாங்க."

ஆபீசர் வக்கீல்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த அம்மாவின் கைகளை ஐயா பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அதற்குள் அக்கா, "நான் பாத்துட்டேங்க" என்றார்.

தம்பி, "அக்கா, சும்மா இரு" என்றார்.

"நீ இருடா." அவர் ஆபீசர் பக்கம் திரும்பினார். "ஐயா, எனக்கு நெலம் வேணும். எம்பொண்ணு கல்யாணத்துக்கு வேணும். அது நெஜம். ஆனா இவங்க உழலன்னு எழுதியிருக்கே, அது நெஜமில்லிங்க. அதை எடுத்துடுங்க. பொய் சொல்லி எனக்கு வேணாம்."

மனுவே அந்த ஒரு வரியில்தான் நின்றது. அவர்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபீசர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "ராஜியாப் போறதுன்னா பேசிட்டு வாங்க. அடுத்த வாய்தாவுக்கு ரெண்டு பேரும் காஞ்ச துணியோட வரணும்" என்றார். அறையே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரித்ததையும் பார்த்தேன்.

வெளியே வந்ததும் நான் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவரே பக்கத்தில் வந்தார்.

"நீ சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் தப்பு" என்றார். "எங்க வீட்டு ஃபேன் ஓடல. ஆறு மாசமா ரிப்பேர்."

அதற்குமேல் என்னால் அழுகையையும் அடக்க முடியவில்லை, சிரிப்பையும் அடக்க முடியவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ சோறு குடுத்திருப்பியா?"

விஷயம் அன்றே முடிந்துவிடவில்லை. தம்பி ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. எங்கள் தெருவிலும் சிலருக்குப் பிடிக்கவில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கும்போது ராஜிக்கு ஏன் போக வேண்டும், ஒருவன் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரையும் கேட்பார்கள் என்றார்கள். கொடிக்கம்பத்தடியில் ஒரு கூட்டம்கூடப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் அதில் பேசிப் பழக்கமில்லாதவர். எழுந்து, "அந்தம்மா நம்ம பக்கம் உண்மையச் சொல்லிடுச்சு. அதுக்கு மேல நான் என்ன பேசுறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயத்தில் அக்காவே பஸ் ஏறி ஊருக்கு வந்தார். தன் நிலத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வரப்பில் நடக்கத் தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். "பனை எங்க?" என்று கேட்டார். அது என் கல்யாணத்துக்கு முன்பே இடி விழுந்து போயிருந்தது. "பேருக்குக்கூட ஒரு பனை இல்லாத வயலுக்கா இவ்வளவு சண்டை போட்டோம்?" என்றார்.

நிலத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது, ஒரு பாதியை எங்கள் பெயருக்கு எழுதிக்கொடுப்பது, மறுபாதியில் எங்கள் உரிமையை விட்டுவிடுவது என்று முடிவானது. எந்தப் பாதி யாருக்கு என்பதில்தான் உண்மையான சண்டை. வாய்க்கால் ஓரத்துத் தலைமடைக்கு நானும் அக்காவும் நேருக்கு நேர் நின்று வாதாடினோம். அலையில் என்னைக் கட்டிக்கொண்ட அதே அக்கா துளிகூட அசையவில்லை. "தலமடையா இருந்தாத்தாண்டி நல்ல வெலைக்குப் போகும். எனக்கு ஒரே பொண்ணு" என்றார். கடைசியில் தலைமடை அவருக்கே போனது. எங்களுக்குக் கடைமடை. அதில் இன்றைக்கும் தண்ணீர் எட்டுவதற்குள் பயிர் முகம் வாடிவிடும். ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் நான் அவரைத் திட்டுவேன். உரிமையோடு திட்ட ஒரு ஆள் இருப்பதும் நல்லதுதான்.

மகள் கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் பத்திரிகை வைத்து அழைத்தார். நாங்கள் மாயவரம் போனோம். மண்டப வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தது அந்தத் தம்பி. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "குறுவ எப்படி?" என்று கேட்டார்.

"பரவால்ல" என்றார் இவர். "கொஞ்சம் புகையான் விழுந்திருக்கு."

"மருந்து அடிச்சீங்களா?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே பந்திக்குப் போய் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பெண்ணைப் பார்க்க உள்ளே போனேன்.